ஏமாறாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்

போனில் ஏமாந்தவர்களின் செய்தி பேப்பரில் வந்தால் நான் சத்தமாகவே சிரித்திருக்கிறேன். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவராம், முன்பின் தெரியாத எவனோ சொன்னான் என்று சேமிப்பை எல்லாம் தூக்கிக் கொடுத்தாராம். இவருக்கெல்லாம் யார் உத்தியோகம் கொடுத்தார்கள் என்று காபி டம்ளரோடு தனியாகப் பேசிக்கொள்வேன். பிறகு ஒரு நாள் என் செய்தியும் வந்தது. பெயர் போடவில்லை. சேலை வியாபாரம் செய்யும் பெண்ணிடம் நூதன மோசடி என்று நாலு வரி. அதில் நூதனம் ஒன்றுமே இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

கணவர் இறந்த மறு வருஷம் ஆரம்பித்த வியாபாரம் அது. ஆர்.எஸ்.புரத்தில் பட்டுக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் மாடி வீடு. முன்னறைதான் கடை. ஈரோட்டுக்குப் பஸ் ஏறிப் போய் காட்டன் சேலையும் போர்வையும் எடுத்து வருவேன். ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் போட்டுப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவேன். பிடித்தவர்கள் பணத்தைப் போனிலேயே அனுப்புவார்கள். நான் பார்சல் கட்டுவேன். கடையும் அந்தப் போன்தான், கல்லாவும் அந்தப் போன்தான்.

கல்யாணம் ஆன நாளில் இருந்து பூ வாங்கக்கூட அவருடைய சட்டைப் பையில்தான் கை விட்டிருக்கிறேன். அவர் கஞ்சனும் இல்லை, கணக்குப் பார்க்கிறவரும் இல்லை. ஆனாலும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டிய பிறகு முதல் தடவையாக என் பணம் என் போனில் வந்து விழுந்தது. விழும்போது ஒரு சத்தம் கேட்கும். கோயில் மணியை விட எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். பாவமாக இருந்தாலும் அதுதான் உண்மை. வீட்டில் என்னுடையது என்று சொல்ல எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் ஒரு மத்தியானம் அந்த ஆள் கூப்பிட்டான். "ஏனுங்க அம்மணி, சேலைக் கடைங்களா?" என்றான். அச்சாக நம்ம பக்கத்துப் பேச்சு. அந்தியூரில் இருந்து பேசுகிறானாம். மகளுக்குக் கல்யாணமாம். வருகிற பொம்பளைகளுக்கெல்லாம் ஒரே மாதிரிக் காட்டன் சேலை எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். எத்தனை சேலை என்று அவன் சொன்னதும் எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

எங்கள் ஆட்கள் முதல் தடவை பேசினால் விலைக்கு முன்னால் ஊரைக் கேட்போம். ஊர் தெரிந்ததும் கூட்டத்தைக் கேட்போம். கூட்டம் என்றால் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிற பங்காளிகள். ஒரே கூட்டத்தில் பிறந்துவிட்டால், அதற்கு முன் முகம் பார்த்திராவிட்டாலும் அண்ணன் தங்கைதான். அவன் நான் பிறந்த ஊரைக் கேட்டான், சொன்னேன். கூட்டத்தைக் கேட்டான், அதையும் சொன்னேன்.

"அட சாமி. அப்ப நீங்க என்ற தங்கச்சியில்ல ஆவறீங்க. கல்யாணத்தை நீங்கதான் முன்னால நின்னு நடத்தோணும்" என்றான்.

எனக்குக் கூடப் பிறந்த அண்ணன் கிடையாது. அவன் அப்படிச் சொன்னதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கோயில் பொங்கலுக்கு வந்தீங்களா என்று கேட்டான். எந்தக் கோயில் என்று அவன் சொல்லவில்லை, நானே சொன்னேன். அன்றைக்கு அவன் தன் கூட்டத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. நான் சொன்னதை எல்லாம் வாங்கி எனக்கே திருப்பிச் சொன்னான். நான் அதை உறவு என்று எடுத்துக்கொண்டேன்.

முழுப் பணத்தையும் இப்போதே அனுப்பிவிடுகிறேன் என்று ஒரு க்யூஆர் கோடு அனுப்பினான். அதை ஸ்கேன் செய்து ரகசியப் பின் நம்பரைப் போட்டால் பணம் என் கணக்குக்கு வருமாம். சரிபார்க்க முதலில் ஒரு ரூபாய் என்றான். போட்டேன், இரண்டு ரூபாயாகத் திரும்பி வந்தது. அடுத்து பெரிய தொகைக்கு ஒரு கோடு வந்தது. பணம் வாங்க அந்த நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் நம் கணக்கில் இருந்துதான் போகும். இது எனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

சந்தேகம் வந்தது. நன்றாகவே வந்தது. ஆனால் போனை வைக்க முடியவில்லை. எங்கள் வீடுகளில் யாரும் பேச்சைப் பாதியில் துண்டிப்பதில்லை. 'வெச்சரட்டுங்களா' என்று கேட்போம், அந்தப் பக்கம் 'சரிங்க, வெச்சுருங்க' என்று சொல்ல வேண்டும், அப்புறமும் ஊரில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டுத்தான் வைப்போம். மகள் கல்யாணத்துக்கு என்னை முன்னால் நின்று நடத்தச் சொன்ன ஒரு மனுஷனின் போனை எப்படிப் பட்டென்று வைப்பது? அதனால் திருடனிடமே அனுமதி கேட்டேன்.

"அண்ணா, பையங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுக் கூப்பிடறனுங்க. வெச்சரட்டுங்களா?"

"ஏனுங்க அம்மணி, அண்ணன் மேல நம்பிக்கை இல்லீங்களா?"

அவன் கோபப்படவில்லை, மனசு நொந்துபோன மாதிரிக் கேட்டான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பின் நம்பரைப் போட்டேன். முகூர்த்தச் சீசனுக்குச் சரக்கு எடுக்க வைத்திருந்தது மொத்தமும் போனது. அவனும் போனான்.

சைபர் க்ரைம் ஸ்டேஷனில் ஒரு பெண் போலீஸ் பொறுமையாக எழுதிக்கொண்டார். சந்தேகம் வந்ததும் ஏன் கட் பண்ணவில்லை என்று கேட்டார். "சொல்லாம எப்படிங்க வெக்கறது?" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அவரும் நம்ம ஊர்க்காரர்தான் போலிருக்கிறது. இன்று வரைக்கும் அந்தப் பணம் திரும்பவில்லை. அந்த ஆள் அதட்டி, மிரட்டிப் பிடுங்கியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. நான் பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த மரியாதையை வைத்தே என் தலையில் மிளகாய் அரைத்தான் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

என் மகன் ஒரே பிள்ளை, ஐடி கம்பெனியில் வேலை. அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "விடும்மா, பணந்தானே" என்றான். மறுநாள் உட்கார்ந்து என் போனில் இருந்து பணம் அனுப்புகிற ஆப்பை எடுத்தான். பேங்கில் என் நம்பரை மாற்றித் தன் நம்பரைக் கொடுக்க வைத்தான். கையெழுத்துப் போடு என்றான், போட்டேன். சேலை வாங்குகிறவர்களுக்கு இனிமேல் அவனுடைய கோடு. "கொஞ்ச நாளைக்கும்மா. நீ உஷாராயிட்டீன்னு எனக்கு நம்பிக்கை வரட்டும், திருப்பிக் குடுத்தர்றேன்" என்றான்.

அதற்குப் பிறகு என் வியாபாரம் நடந்த லட்சணத்தைச் சொல்கிறேன். ஒரு அம்மா சேலைக்குப் பணம் அனுப்பிவிட்டேன் என்பார். வந்ததா என்று நான் மகனுக்கு மெசேஜ் போட வேண்டும். அவன் மீட்டிங்கில் இருப்பான். சாயங்காலம்தான் பார்ப்பான். அதற்குள் அந்த அம்மாவுக்கு என் மேல் சந்தேகம் வந்துவிடும். ஏமாந்தவள் நான், என்னையே ஏமாற்றுக்காரி மாதிரிப் பார்ப்பார்கள். ஈரோட்டுக்குப் போகப் பஸ் காசுக்கும் அவனிடம் நின்றேன். அவன் ஒரு நாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. ஆனால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். திரும்பவும் சட்டைப் பைக்கே வந்துவிட்டேன்.

அதுகூடப் பரவாயில்லை. சொந்தத்தில் ஒரு குழந்தைக்குக் காதுகுத்து. பந்தியில் என் மகன் அந்தக் கதையை எடுத்தான். அந்த ஆள் மாதிரியே குரல் வைத்து, என் மாதிரியே 'வெச்சரட்டுங்களா' என்று கேட்டுக் காட்டினான். இலை போட்டவர்கள், சாம்பார் ஊற்றியவர்கள் எல்லாரும் நின்று சிரித்தார்கள். "குழந்தைக்கு முன்னாடியே அத்தைக்குக் காது குத்திப்போட்டானுங்க" என்று ஒருத்தன் சொன்னான். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கோபக்காரி என்பார்கள். வீட்டுக்கு வந்து, சேலைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

தை மாதத்தில் ஒரு பெண் மெசேஜ் போட்டாள். பெருந்துறைப் பக்கமாம். கட்டுச்சோற்றுக்குச் சேலை வேண்டும் என்றாள். மற்ற ஊர்களில் வளைகாப்பு என்பார்கள். எங்கள் பக்கம் ஏழாம் மாதத்தில் பிறந்த வீட்டார் வகை வகையாய்ச் சோறு கட்டிக்கொண்டு வந்து பெண்ணுக்குப் போடுவார்கள், அதுதான் கட்டுச்சோறு. எனக்குச் சோறு கட்டி வர அம்மா இல்லீங்க, சேலையாவது நல்லதாக எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாள்.

இந்தத் தடவை நான் ஊர் கேட்கவில்லை, கூட்டமும் கேட்கவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை முழுங்கினேன். பணத்தை மகன் நம்பருக்கு அனுப்பச் சொன்னேன். சரிங்கம்மா என்றாள். ஆனால் அவள் வாங்குவதை விடப் பேசுவதற்குத்தான் வந்தாள். ஆபீசில் இருப்பதால் பேச முடியாது, வாய்ஸ் மெசேஜ் போடுங்கம்மா, அப்புறம் கேட்டுக்கொள்கிறேன் என்பாள். என்ன சாப்பிடலாம், எந்தப் பக்கம் படுக்கலாம், கால் வீங்கினால் என்ன செய்வது என்று கேட்பாள். நானும் சமையலுக்கு நடுவில் பதில் சொல்லிப் போடுவேன். என்னிடம் யாரும் எதையும் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. அவளுக்கென்று மிளகாய்ப்பழச் சிவப்பில் ஒரு சேலையைத் தனியாக எடுத்து வைத்தேன். இதற்குக் காசு வாங்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள், காலையில் இருந்து குழந்தை அசையவில்லை, பயமாக இருக்குங்கம்மா என்று எழுதினாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். அவள் தள்ளிப்போட்டுவிடக் கூடாதே என்று, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். என் மகனுக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. கட்டுச்சோறு முடிந்த சில நாளில் வயிற்றில் அசைவு நின்றது. யாரிடம் சொல்வது என்று கூச்சப்பட்டு, விடியட்டும் என்று இருந்துவிட்டேன். விடிந்த பிறகு பிரயோஜனம் இல்லை. கட்டுச்சோற்றுக்கு வந்த சொந்தங்கள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அந்த ராத்திரி நான் சொல்லாமல் இருந்தது என் கணவருக்கும் மாமியாருக்கும் மட்டும் தெரியும், இருவரும் இப்போது இல்லை. ஊருக்கெல்லாம் என் மகன்தான் தலைச்சன் பிள்ளை. அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். 'நான் இருந்த மாதிரி நீ இருந்தராத கண்ணு' என்று சொல்லி மெசேஜை முடித்தேன்.

சாயங்காலம் பதில் வந்தது. அசையுதுங்கம்மா, டாக்டர் நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க என்று. சாமி படத்துக்கு விளக்குப் போட்டேன்.

அடுத்த வாரம் அவளே கூப்பிட்டாள். அழுகைச் சத்தம். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், வீட்டுக்காரர் போன் எடுக்கவில்லை, என் போனில் பணம் கட்ட முடியவில்லை, உங்கள் நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லுங்கம்மா என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் எண் வந்து விழுந்தது. எனக்கு எல்லாம் தெரியும். ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது. பேங்கில் என் நம்பர் இல்லாவிட்டாலும் வாட்ஸ்அப்பையே பிடுங்கிக்கொள்வார்கள். ஆனால் அந்தப் பக்கம் அம்மா இல்லாத ஒரு பிள்ளை அழுகிறது. "சொல்லுங்கம்மா, சீக்கிரமா சொல்லுங்க" என்கிறது. நான் ஒரு வார்த்தை பேசாமல் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது போனை வைத்தேன்.

அன்றைக்கு மத்தியானம் நான் பட்டதை எப்படிச் சொல்ல? நிஜமாக இருந்தால்? கொஞ்ச நேரம் பொறுத்து நானே கூப்பிட்டேன், சுவிட்ச் ஆஃப். பெருந்துறைக்குப் பஸ் ஏறிவிடலாமா என்றுகூட நினைத்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாது, அவள் பெயரைத் தவிர ஒன்றும் தெரியாது. பஸ் காசுக்கும் மகன் வர வேண்டும்.

மகன் வந்தான். கையில் பேக்கரிக் கவர், எனக்குப் பிடித்த தேங்காய் பன். முகமெல்லாம் சிரிப்பு. "பாஸாயிட்டம்மா" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவனே சொன்னான். அந்தப் பெண் அவன் ஆபீசில் வேலை செய்கிறவள். கர்ப்பமும் இல்லை, கட்டுச்சோறும் இல்லை. இவன் கேட்டுக்கொண்டதால் பேசினாளாம். "எங்க ஆபீசுல இப்படித்தாம்மா பண்ணுவாங்க. கம்பெனியே ஒரு பொய் மெயில் அனுப்பும். யாரு ஏமாறறாங்கன்னு பாத்து அவுங்களுக்குப் பாடம் எடுப்பாங்க. நீ ஏமாறல. உன்ற கணக்கை நாளைக்கே மாத்திக் குடுத்தர்றேன்."

"ஆபீசுல வர்ற மெயிலு, கால் வீங்குது என்ன பண்ணட்டும்னு உங்கிட்டக் கேக்குமா கண்ணு?" என்றேன்.

"சும்மா ஓடிபி கேட்டா நீ உஷாராயிருவ. பழகின ஆளு கேட்டா என்ன பண்றீன்னு பாக்க வேண்டாமா? உன்ற நல்லதுக்குத்தாம்மா."

"அந்தப் புள்ள என்னாச்சோன்னு மத்தியானத்துல இருந்து சோறு திங்கலடா நான்."

"அதான் ஒண்ணும் ஆகலயேம்மா" என்று பன்னை எடுத்துத் தட்டில் வைத்தான். அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தாயின் மேல் பாசம் இல்லாதவனும் இல்லை. அதனால்தான் எனக்கு அப்படி எரிந்தது. அந்தியூர் அண்ணனுக்கு நான் யாரோ. என் கணக்கில் கை வைத்தான், போய்விட்டான். என் மகனுக்கு என்னைத் தெரியும். அம்மா இல்லாத பிள்ளை என்று சொன்னால் நான் உருகிவிடுவேன் என்று தெரியும். தெரிந்து, அந்த இடம் பார்த்து அடித்திருக்கிறான். இதை அவனிடம் சொன்னேன். என்னையும் அந்தத் திருட்டுப் பயலையும் ஒண்ணாப் பேசறியா என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனான்.

சொன்னபடி மறுநாள் பேங்குக்குக் கூட்டிப் போனான். நம்பரை மாற்றினார்கள். ஆப்பை வைத்துக் கொடுத்தான். அந்த வாரமே ஒருவர் இரண்டு போர்வைக்குப் பணம் அனுப்பினார், பழைய சத்தம் கேட்டது. நான் ஆசைப்பட்டதெல்லாம் கைக்கு வந்துவிட்டது. யாரையும் கேட்காமல் ஈரோட்டுக்குப் போனேன்.

ஈரோட்டில் இருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பெண் கூப்பிட்டாள். எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

"மன்னிச்சருங்கம்மா. உங்க பையன் ஒரு வாரம் பேசினாப் போதும்னு சொன்னாருங்க. நான்தான் நிறுத்தாமப் பேசிட்டிருந்தேன்."

சேலைக் கட்டை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டேன்.

"குழந்தை அசையலைன்னு சொன்னது நெம்பத் தப்புங்க. என்ன கேக்கறதுன்னு தெரியாம எழுதிப்போட்டேன்."

"சரி" என்றேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லோணுங்கம்மா. நீங்க அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் உங்க பையன் கேட்டாருன்னு அவருக்கு அனுப்பிச்சேன். அந்தக் குழந்தையைப் பத்திச் சொன்னீங்கல்ல, அதை மட்டும் அனுப்பலீங்க. அழிச்சுப்போட்டேன். சத்தியமாங்க. நம்புங்கம்மா."

பழைய ஆளாக இருந்தால் அந்த நிமிஷமே நம்பியிருப்பேன். அழுகிற குரலும், சத்தியமும், அம்மா என்கிற வார்த்தையும் எனக்குப் போதுமாக இருந்தன. இதே குரல்தான் ஆஸ்பத்திரியில் இருந்தும் அழுதது. இதில் எது நிஜம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

மகனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழி இல்லை. அவனுக்குத் தெரியாது என்றால், கேட்டதன் மூலம் நானே சொன்னதாக ஆகிவிடும். தெரியும் என்றால், இத்தனை நாள் தெரிந்துகொண்டு என் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று ஆகும். இரண்டையும் என்னால் தாங்க முடியாது. அதனால் அவன் முகத்தைப் பார்க்கிறேன். சோற்றில் கை வைத்தபடி அவன் எதையாவது யோசித்துக்கொண்டு இருந்தால் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிடுகிறேன். அவன் நிமிர்ந்து, "என்னம்மா?" என்கிறான்.

"ஒண்ணுமில்ல கண்ணு" என்கிறேன்.

அவன் நம்பிவிடுகிறான்.